கோடித்துணி: அஞ்சலை

அறவாழிக்கு,

உன் கடிதம் வந்து எட்டு நாள் ஆகிறது. மகன்களுக்கு எழுதும் அப்பாக்கள் பெயருக்கு முன்னால் வழக்கமாகப் போடும் அடைமொழியை நான் போடவில்லை என்பதை நீ கவனித்திருப்பாய். அது கைத்தவறு அன்று. எழுதி முடிக்கும்போது அந்தச் சொல்லைப் போடும் நிலையில் இருப்பேனா என்று எனக்கே தெரியாததால் இடம் மட்டும் விட்டு வைத்திருக்கிறேன். இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது உனக்கு மட்டும் எழுதப்படுவது அன்று. கார்பன் தாள் வைத்து எழுதுகிறேன். ஒரு பிரதி செஞ்சிப் பக்கத்து வல்லத்துக்கு, உன் மாமனாராகப் போகிறவருக்குப் போகும். இன்னொரு பிரதியை வருகிற இரண்டாவது சனிக்கிழமை, திண்டிவனத்தில் மேரி டீச்சர் வீட்டில், அம்மாவும் அவள் தோழிகளும் தைப்பதற்குக் கூடும்போது உரக்கப் படிப்பார்கள். தவறு பலர் முன்னிலையில் நடந்தது. அதைப் பற்றிய பேச்சு மட்டும் ஒட்டிய உறைக்குள் நடப்பது முறையாகத் தோன்றவில்லை.

நீ இரண்டு கேட்டிருக்கிறாய். திருமணத்துக்காக அவர்கள் தைத்த போர்வையைத் திண்டிவனம் மண்டபத்துக்குக் கொண்டுவர வேண்டாம், கொண்டுவந்தே ஆக வேண்டுமென்றால் அந்த ஒரு மூலையை வெட்டிவிட்டுக் கொண்டுவரலாம் என்பது முதலாவது. அஞ்சலை வராமல் இருந்தால் எல்லாருக்கும் நல்லது, அதை நானே அவளிடம் 'பக்குவமாக' எடுத்துச் சொல்ல வேண்டும் என்பது இரண்டாவது. உன் கடிதம் முழுவதிலும் என்னை அதிகமாகக் கோபப்படுத்தியது அந்தப் 'பக்குவமாக' என்ற சொல்தான். கத்தியைத் துடைத்துவிட்டுக் குத்தச் சொல்வதுபோல் இருந்தது. ஆனால் என் கோபம் முழுவதும் உன்மேல்தான் என்று சொல்லவும் முடியவில்லை. எட்டு நாளாக அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன்.

படிக்கப்போகிற மற்றவர்களுக்காக, உனக்குத் தெரிந்ததையும் சொல்ல வேண்டியிருக்கிறது. நான் விழுப்புரத்தில் கல்லூரியில் வரலாறு கற்பிக்கிறேன். உன் அம்மா ஆசிரியையாக இருக்கும் பள்ளி திண்டிவனத்தில். காலை பாசஞ்சரில் போய் மாலை பாசஞ்சரில் திரும்புகிறாள். அதே பெண்கள் பெட்டியில் அஞ்சலையும் ஏறுவாள். அவள் கணவர் திண்டிவனத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்து இளம் வயதிலேயே இறந்துபோனார். அவருடைய வேலையைக் கருணை அடிப்படையில் அவளுக்குக் கொடுத்தார்கள். குழந்தைகள் இல்லை. முதல் சில வாரம் அவள் யாருடனும் பேசாமல் சன்னல் பக்கம் முகம் திருப்பியே வந்தாளாம். ஒரு நாள் அம்மா அவள் மடியில் ஓர் ஊசியையும் நூலையும் போட்டு, "எனக்குக் கண்ணு சரியா தெரியல, கோத்துக் குடும்மா" என்றிருக்கிறாள். அம்மாவின் கண்ணில் எந்தக் குறையும் இல்லை என்பது உனக்கும் எனக்கும் தெரியும்.

அம்மாவுக்குத் துண்டுத் துணிகளை இணைக்கும் தையலைக் கற்றுக்கொடுத்தவர் அவள் பள்ளியிலேயே கைத்தொழில் ஆசிரியையாக இருக்கும் மேரி டீச்சர். பழைய கல்யாணப் பத்திரிகையை உள்ளங்கை அளவு அறுகோணமாக வெட்டிக்கொள்ள வேண்டும். துணித் துண்டை அதன்மேல் வைத்து, ஓரத்தைப் பின்னால் மடித்து, அட்டையோடு சேர்த்துப் பெரிய பெரிய தையலாக ஓட்ட வேண்டும். இப்படிச் செய்த துண்டுகளை ஓரத்தோடு ஓரம் பொடித் தையலால் இணைத்து, ஆறு பக்கமும் இணைந்தபின் அட்டையை உருவி எடுத்துவிட்டால் தேன்கூடு போல் ஒரு விரிப்பு வளர்ந்துகொண்டே போகும். போஸ்ட் கார்டு தளர்ந்துவிடுமாம், நோட்டு அட்டையில் ஊசி இறங்காதாம், கல்யாணப் பத்திரிகைதான் சரியான விறைப்பாம். அதனால் எங்கள் வீட்டுக்கு வந்த எந்தத் திருமண அழைப்பும் நாலு மாதத்துக்குமேல் முழுசாக இருந்ததில்லை. வேலை நடந்ததெல்லாம் ரயிலில்தான். "பேரணிக்குள்ள ஒண்ணு, மயிலத்துக்குள்ள ரெண்டு" என்று நிலையங்களை வைத்தே அளந்துகொள்வார்கள். அமாவாசையன்று மேல்மலையனூர்க் கோயில் கூட்டம் ஏறிவிட்டால் ஊசியை எடுக்க முடியவில்லை என்று மாலையில் இருவர் முகமும் வாடியிருக்கும். மேரி டீச்சர் வீட்டுச் சனிக்கிழமைகளில் ஏழெட்டுப் பெண்கள் சேர்ந்து, இருக்கும் துண்டைக் கொடுத்து இல்லாத நிறத்தை வாங்கிப்போவார்கள். நான் அதற்குக் 'கந்தல் சங்கம்' என்று பெயர் வைத்தேன். அவமானப்படுவார்கள் என்று எதிர்பார்த்தேன். அஞ்சலை சிரித்துக்கொண்டே சொன்னாள்: "நல்ல பேரா வெச்சிக்கிறீங்க சார். சந்தா ஒண்ணும் இல்ல. கிழிஞ்ச லுங்கி ஒண்ணு குடுங்க, உங்களையும் சேத்துக்கறோம்."

எண்பத்தொன்றில் நீ சென்னைக்கு நேர்முகத் தேர்வுக்குப் புறப்பட்ட காலையை நினைவுபடுத்துகிறேன். உன்னை வழியனுப்பத் திண்டிவனம் வரை நானும் வந்தேன். அதனால் நாம் நால்வரும் பொதுப்பெட்டியில் ஏறினோம். ஏறும்போது கதவுக் கொக்கியில் மாட்டி உன் கால்சட்டை முழங்காலில் கிழிந்தது. உன்னிடம் வேறு கால்சட்டை இல்லை. நீ அழும் நிலையில் இருந்தாய், நான் ரயில்வேயின் பராமரிப்பைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தேன். அஞ்சலைதான் ஊசியை எடுத்தாள். எடுத்தவள் தயங்கினாள். "காலங்காத்தால நல்ல காரியத்துக்குப் போற. என் கையி படணுமா தம்பி? டீச்சரே தைக்கட்டும்" என்றாள். அம்மாவுக்கு இழையோடு இழை சேர்த்துக் கிழிசல் தைக்க வராது. நீ காலை அவள் பக்கம் நீட்டி, "அத்த, அதெல்லாம் யாரு பாக்கறாங்க? ஜல்தியா தைங்க, மயிலம் வந்துடும்" என்றாய். விக்கிரவாண்டியில் தொடங்கி மயிலம் வருவதற்குள் முடித்துவிட்டாள். வேலை கிடைத்த செய்தி வந்த அன்று அந்தக் கால்சட்டையைத் திருப்பிப் போட்டுக் காட்டி, "தையல் எங்கன்னு கண்டுபிடிங்க பாக்கலாம்" என்று என்னிடம் பந்தயம் கட்டினாய். என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. அன்று அவளை அத்தை என்று அழைத்தவனும் இன்று பக்குவத்தை எனக்குப் பரிந்துரைப்பவனும் ஒரே ஆள்தானா என்று எனக்கு உண்மையிலேயே குழப்பமாக இருக்கிறது.

இனி என் பங்கு. உனக்குப் பெண் பார்க்கத் தொடங்கியதுமே கந்தல் சங்கம் உன் போர்வையைத் தொடங்கிவிட்டது. மேல் பக்கம் முடிந்து, அடித்துணி கொடுக்கும் கட்டம் வந்தபோது, அதில் வேலை செய்தவர்களின் பெயர்களை நூலால் எழுதலாம் என்று மேரி டீச்சர் சொல்லியிருக்கிறார். "சாருக்குத்தான் தமிழ் நல்லா வருமே" என்று என்னிடம் வந்தார்கள். கேலி செய்தவனிடம் வந்து கேட்டதில் எனக்குப் பெருமை. யார் எந்தப் பகுதியைத் தைத்தார்கள் என்று கேட்டு எழுதிக் கொடுத்தேன். நடுப்பூ, உன் அம்மா. மேல்வரிசை, மேரி. கடைசி மூலையில் இருந்த சந்தன நிறத் துண்டு அஞ்சலையுடையது. அதற்கு நான் எழுதியது: 'கோடித்துணி: அஞ்சலை.' அம்மா பார்த்துவிட்டு, "மூலைன்னு எழுதுங்களேன்" என்றாள். மூலை என்பது குப்பை ஒதுங்குகிற இடம், கோடி என்பது எல்லை, தெருக்கோடி என்று நாம் சொல்வதில்லையா என்று அவளுக்குப் பாடம் எடுத்தேன். அஞ்சலை அந்தத் தாளை வாங்கி வெகுநேரம் பார்த்தாள். "சார், இந்த வார்த்தயே இருக்கட்டுங்களா?" என்று கேட்டாள். "இதுதான் சரியான சொல். தயங்காமல் தை" என்றேன். அவள் முகம் மலர்ந்ததை என் புலமைக்குக் கிடைத்த மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

நிச்சயதார்த்தத்தன்று வல்லத்தில் நடந்ததை நீ பார்த்தாய். நாம் கொண்டுபோன தட்டுகளோடு போர்வையும் கூடத்தில் இருந்தது. உனக்கு நிச்சயித்த பெண் அதைத் தொட்டு, "இது முழுக்கக் கையாலயா தெச்சது?" என்று கேட்டாள். அவள் விரல் ஓரத்தையல்களை எண்ணிக்கொண்டிருந்ததை நான் கவனித்தேன். அதற்குள் அவளை உள்ளே அழைத்துக்கொண்டார்கள். அவளுடைய அத்தை போர்வையைப் பின்பக்கம் திருப்பி, எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"இன்னாங்க இது, கோடித்துணின்னு போட்டுக்கீது? யாருங்க அஞ்சல?"

"என்னோட சிநேகிதிங்க" என்றாள் அம்மா.

"அவங்க வூட்டுக்காரரு இன்னா பண்றாரு?"

"காலமாயிட்டாருங்க."

அத்தை போர்வையிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். அப்போது அம்மா இன்னும் ஒரு வார்த்தை பேசியிருந்தால் போதும், விஷயம் வேறு மாதிரி முடிந்திருக்கும். ஆனால் நான் எழுந்து நின்றேன். கோடி என்ற சொல்லுக்கு முதற்பொருள் எல்லை என்றும், புத்தாடை என்பது அடுத்த பொருள் என்றும், மணத்தின்போது கோடி உடுத்தும் வழக்கம் உண்டு என்றும், இறப்பின்போது கணவனை இழந்தவளுக்குப் பிறந்த வீட்டார் கோடி போடும் வழக்கமும் உண்டு என்றும் வகுப்பில் சொல்வதுபோலவே வரிசையாகச் சொன்னேன். அந்த அம்மாள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதத்தான் சார் நானும் சொல்றேன். கடசியா ஒண்ணு சொன்னீங்களே, அது" என்றார். யாரோ சிரித்தார்கள். நீ சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு நின்றாய். அம்மா போர்வையை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

உன் கடிதம் வந்ததும் நான் செய்ய நினைத்தது எளிமையானது. அந்தத் துண்டு எந்தக் கடையில் வாங்கியது என்று அஞ்சலையிடம் கேட்டுக்கொண்டு, உன் மாமனாருக்குத் தெளிவாக எழுதி, உங்கள் வீட்டு அம்மாள் சொல்லைத் தவறாகப் படித்துவிட்டார் என்று நிறுவிவிடலாம் என்று நினைத்தேன். மறுநாள் மாலை அவள் வீட்டுக்குப் போனேன். உன் கடிதத்தை நான் காட்டவில்லை, துண்டு எங்கே வாங்கியது என்று மட்டும் கேட்டேன். அம்மா அதற்கு முன்பே ரயிலில் எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள்.

"உக்காருங்க சார். அது நான் கடையில வாங்குனது இல்ல" என்றாள் அஞ்சலை. "அவரு போனப்ப என் தம்பி போட்டானே, அந்தக் கோடிப் பொடவதான் அது."

எனக்குச் சட்டென்று ஒன்றும் புரியவில்லை. "தெரிந்தேவா வைத்தாய்?" என்று கேட்டேன்.

"உங்க ஊட்டு டீச்சருதான் கேட்டாங்க. அந்தக் கலரு எங்கயும் கெடைக்கல. பெட்டியில பூட்டி வெச்சிக்கினு இன்னா சார் பண்றது? ஒரு நாளு மேல போட்டாங்க, அதோட சரி. நான் கட்டவே இல்ல. என் தம்பி காஞ்சிபுரம் போயி எடுத்தாந்தது. அறவாழி மேல கெடக்கட்டுமேன்னு வெட்டிக் குடுத்தேன்."

"அப்படியானால் நான் அந்தச் சொல்லை எழுதியபோதே சொல்லியிருக்கலாமே."

"அதான் கேட்டேனே சார், இந்த வார்த்தயே இருக்கட்டுமான்னு. தயங்காம தைன்னீங்க. டீச்சரு உங்ககிட்ட சொல்லிட்டாங்க போலன்னு நெனச்சேன். எல்லாம் தெரிஞ்சிதான் சாரு இப்பிடி வெளிப்படையா எழுதிக் குடுக்கறாரு, எவ்ளோ தைரியம் பாருன்னு நெனச்சேன். அன்னிக்கு ஊட்டுக்கு வந்து என் தம்பிக்குக் கடுதாசி கூட போட்டேன்."

அறவாழி, ஐம்பது வயது கடந்து, இரண்டு பட்டங்கள் பெற்று, வாழ்நாளில் முதல் தடவையாக ஒருவர் என் தைரியத்தைப் பாராட்டினார். அந்தத் தைரியம் என்னிடம் இருந்ததில்லை. தெரிந்திருந்தால் அந்தச் சொல்லை எழுதியிருக்க மாட்டேன். மூலை என்றுகூட எழுதியிருக்க மாட்டேன், பெயர்களே வேண்டாம் என்று சொல்லியிருப்பேன். அவளிடம் அதை நான் மறுக்கவில்லை. காப்பியைக் குடித்துவிட்டு எழுந்து வந்தேன். சனிக்கிழமை மேரி டீச்சர் இந்த இடத்தைப் படிக்கும்போது அஞ்சலை எதிரில் உட்கார்ந்திருப்பாள். அப்போதுதான் அவளுக்கு இது தெரியும். அஞ்சலை, மன்னித்துக்கொள். எனக்குத் தெரியாது.

இப்போது எனக்கு எதுவும் நேராக நிற்கவில்லை. வல்லத்து அம்மாள் தவறாகப் படித்தார் என்று இனி நான் சொல்ல முடியாது. அவர் சரியாகப் படித்திருக்கிறார். தவறாக எழுதியவன் நான். ஆனால் தவறாக எழுதியதுதான் உண்மையாக இருந்திருக்கிறது. உன் அம்மா அந்தப் புடவையைக் கேட்டு வாங்கியிருக்கிறாள், என்னிடம் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்றேன். "சொல்லியிருந்தா நீங்க பேசிக்கினே இருப்பீங்க, துண்டு தையாமலே கெடக்கும்" என்றாள். அகராதியை வைத்து நான் கட்டிய வாதம் முழுவதும் போய்விட்டது. மிச்சம் இருப்பது ஒரு சந்தன நிறத் துண்டும் அதைக் கொடுத்த பெண்ணும்தான். அவர்களுக்காக எப்படி வாதாடுவதென்று எனக்கு யாரும் கற்பிக்கவில்லை.

உன்னைக் குற்றம் சாட்ட உட்கார்ந்த ஒவ்வொரு தடவையும் வேறொன்று நினைவுக்கு வருகிறது. என் திருமணப் படத்தை நீ பலமுறை பார்த்திருக்கிறாய். அதில் என் அக்கா ஏன் இல்லை என்று நீ கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. அக்காவின் கணவர் அதற்கு முந்திய ஆண்டு இறந்திருந்தார். தாலி கட்டும் நேரத்தில் அவள் சமையல் நடக்கும் இடத்தில் வாழைக்காய் அரிந்துகொண்டிருந்தாள். அவளை அங்கே போகச் சொன்னது யார் என்று எனக்குத் தெரியாது. யாரோ பக்குவமாகச் சொல்லியிருப்பார்கள். நான் மாலையோடு மணையில் உட்கார்ந்து, அவள் எங்கே என்று ஒரு வார்த்தை கேட்காமல், ஐயர் சொன்னதைத் திருப்பிச் சொன்னேன். அப்போது நான் முதுகலை முடித்தவன். ஆகவே உன் கடிதம் புதிதாக எதையும் செய்துவிடவில்லை. நான் வாயைத் திறக்காமல் செய்ததை நீ இன்லாண்டு தாளில் எழுதிச் செய்திருக்கிறாய். உன்மேல் இவ்வளவு கோபம் வருவதற்கு அதுதான் காரணமோ என்னவோ. இல்லை, உனக்கு அந்த ரயில் பெட்டி இருந்தது, எனக்கு இருந்ததில்லை என்பதும் காரணமாக இருக்கலாம். எனக்குத் தெளிவாகவில்லை.

பதில் எழுத எட்டு நாள் ஏன் ஆயிற்று என்பதையும் சொல்கிறேன். முதலில் பிளேடை எடுத்துக்கொண்டு அந்தச் சொல்லைப் பிரித்துவிடலாமென்று உட்கார்ந்தேன். 'கோ' என்ற எழுத்தின் கொம்பில் கை வைத்ததும் அம்மா பிளேடைப் பிடுங்கிக்கொண்டாள். "பிரிச்சா ஓட்ட தெரியும். ஓட்டையையும் படிப்பாங்க" என்றாள். பிறகு ஊசியைக் கொடுத்தாள். அஞ்சலையின் பெயருக்குக் கீழே இன்னொரு வரியை நானே தைத்தேன். 'சொல்: அப்பா.' ஐந்து எழுத்துகளும் நடுவில் இரண்டு புள்ளிகளும்தான். ஆறு நாள் பிடித்தது. அம்மா பார்த்துவிட்டு, மூன்றாம் வகுப்புப் பிள்ளை கூட இதைவிட நேராகப் போடும் என்றாள். அவள் சொன்னது சரிதான். போர்வையை வெட்டச் சொல்லி எழுதினாயே, இப்போது வெட்டினால் அந்த மூலையோடு நானும் போவேன்.

இனி நீ செய்ய வேண்டியது. போர்வை மண்டபத்துக்கு வரும், பின்பக்கம் தெரியும்படியே இருக்கும். அதை வல்லத்துக்காரர்கள் ஏற்கிறார்களா இல்லையா என்பதை இந்தப் பிரதியைப் படித்தபின் அவர்கள் எனக்கு எழுதட்டும். அந்தப் பெண்ணையும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எழுதட்டும், ஏனென்றால் அதைப் போர்த்திக்கொள்ளப்போவது அவளும் நீயும். அஞ்சலையைப் பற்றி நான் பக்குவமாகவோ வேறு விதமாகவோ எதுவும் சொல்லப்போவதில்லை. நான் கிளம்பும்போது அவளே வாசலில் நின்று சொன்னாள்: "பேஜாரு வேணாம் சார், நான் வரல. உங்க பேரு போட்டு நீங்க குடுக்கற பத்திரிகயும் எனக்கு வேணாம். அவன் வந்து அவன் கையால குடுத்தான்னா வர்றேன். இல்லன்னா போர்வைய மட்டும் பிரிச்சிடாதீங்க." உன் அம்மா சொன்னது இன்னும் சுருக்கம். அஞ்சலை ஏறாத ரயிலில் அவளும் ஏறமாட்டாளாம். உன் கழுத்தில் மாலை விழும் நேரத்தில் உன் அம்மா மண்டபத்தில் இருப்பாளா, விழுப்புரத்தில் இருப்பாளா என்பது இப்போது உன் கையில் இருக்கிறது. அவள் வெறுமனே மிரட்டுகிறவள் அல்ல என்பது உனக்கும் தெரியும்.

கொடுத்தது போக மிச்சமிருந்த உன் கல்யாணப் பத்திரிகைகளை அவள் எடுத்துக்கொண்டுபோய் வெட்டத் தொடங்கிவிட்டாள். நல்ல விறைப்பாக இருக்கின்றனவாம். ஓர் அறுகோணத்தில் உன் பெயர் 'அற' வரைக்கும் இருக்கிறது, இன்னொன்றில் 'வாழி' இருக்கிறது. இரண்டும் வேறு வேறு துணிக்குள் போகும். ஒரே ஒரு பத்திரிகையை மட்டும் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். அதன் உறைமேல் பெயர் எழுதவில்லை. நீ வந்து, உன் கையெழுத்தில் அவள் பெயரை எழுதி, உன் காலால் நடந்துபோய்க் கொடுக்க வேண்டும். காலை பாசஞ்சரிலேயே கொடுத்தாலும் சரி, மயிலம் வருவதற்குள் கொடுத்துவிடு. இக்கடிதத்தின் முதல் வரியில் நான் விட்ட இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. அதை உன் எதிரிலேயே நிரப்புகிறேன்.

அந்தப் பத்திரிகை என் மேசைமேல் இருக்கிறது. காற்றில் பறக்காமல் இருக்க அதன்மேல் உன் அம்மாவின் கத்தரிக்கோலை வைத்திருக்கிறேன்.

அப்பா